விளக்குகளும் விதிகளும்

சிங்கப்பூரின் ரேஸ் கோர்ஸ் ரோட்டுத் தென்முனையில் மாலை வேளைகளில் புளியும் மிளகாயும் சேர்ந்து கொதிக்கும் மீன்தலைக் கறியின் மணம் தெருவரை வந்து நிற்கும். அதே தெருவில் வடக்கே நடந்து ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தைத் தாண்டினால் ஊதுபத்தி மணம் தொடங்கிவிடும். சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக அங்கே இரண்டு பௌத்தக் கோயில்கள். தேக்கா வட்டாரத்தில் வளர்ந்த தமிழர்களுக்கு அந்த மணம் போதும், ஒரு காலமே திரும்பி வந்துவிடும்: விசாக தினத்தன்று விரியத் திறந்த கதவுகள், பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே புத்தரையும் கும்பிட்டுத் திரும்பும் பெண்கள், வாசலில் நிற்கும் புலிச் சிலையைத் தொட்டுப் பார்க்கத் துடிக்கும் பிள்ளைகள். ஆனால் நினைவு எதை எடுத்து வைத்துக்கொள்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு கோயிலில் 15 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 300 டன் எடையில் அமர்ந்திருக்கும் புத்தரும் அவரைச் சுற்றி எரியும் விளக்குகளும் எல்லாருக்கும் நினைவிருக்கின்றன. எதிர்ப்பக்கக் கோயில், நோயுற்ற ஏழைகளுக்கு இடமும் மருந்தும் கொடுத்த ஒரு குடிலாகத் தொடங்கியது என்பது அநேகமாக யாருக்கும் நினைவில்லை. விளக்கு மனத்தில் தங்குகிற அளவுக்கு நோயாளிக்கு விரித்த பாய் தங்குவதில்லை. இந்த மறதி தற்செயலானது என்று தோன்றவில்லை. அறத்தை நாம் ஒளியாகவும் உயரமாகவும் எண்ணிப் பழகிவிட்டோம். இந்நகரத்துப் பௌத்தர்களின் தொண்டு வரலாறு வேறொன்றைச் சொல்கிறது: கொடுக்கிறவர் தம்மேல் ஓர் ஒழுங்கை ஏற்றுக்கொண்ட இடங்களில் தொண்டு நிலைத்தது, இரக்கத்தை மட்டும் நம்பிய இடங்களில் அது காட்சியாகவோ தீங்காகவோ முடிந்தது.

முதலில் அந்தத் தெருவின் கதை. 1917-இல் சுன் வூ என்ற சீனத் துறவி அங்கே ஒரு குடில் அமைத்தபோது பக்கத்து மைதானத்தில் குதிரைப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. 1933-இல்தான் பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்குப் போனது. தெருவுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. குடில் 1926-இல் லியோங் சான் சீ என்ற கோயிலாகக் கட்டியெழுப்பப்பட்டது. மறு ஆண்டு எதிர்ப்பக்கத்தில் வுத்திசாரா என்ற தாய்லாந்து பிக்கு சாக்கியமுனி புத்த கயா கோயிலை நிறுவினார். டைகர் பாம் தைலத்தால் செல்வம் சேர்த்த, ரங்கூனிலிருந்து வந்த ஆவ் சகோதரர்கள் அதற்குப் பொருளுதவி செய்தார்கள். ஆயிரம் விளக்குக் கோயில் என்று ஊரெல்லாம் பெயரெடுத்தது அதுதான். உள்ளே பிள்ளையாருக்கும் பிரம்மாவுக்கும்கூட இடமுண்டு. இவை இரண்டுக்கும் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, சிராங்கூன் ரோட்டை ஒட்டிய கிந்தா ரோட்டில் உ தார் ஹ்னின் என்பவர் தொடங்கிய பர்மியக் கோயில் இருந்தது. நகரச் சீரமைப்பு அதைத் தாய் ஜின் ரோட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆக, இன்று லிட்டில் இந்தியா என்று சுற்றுப்பயணிகளுக்குக் காட்டப்படும் இடம் சீன, தாய்லாந்து, பர்மிய பௌத்தர்கள் தமிழர்களோடு தோளுரசி வாழ்ந்த இடமும்கூட. அந்தக் காலத்தில் கூலிக்கு வந்த ஆண்களுக்கு நோய் வந்தால் பார்த்துக்கொள்ள மனைவியோ தாயோ இங்கே கிடையாது. சைனாடவுனின் சாகோ லேனில், சாவை எதிர்பார்த்துக் கிடக்கும் ஏழைச் சீனர்களுக்கென்றே வீடுகள் இருந்தன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு துறவி கட்டிய முதல் கட்டடம் நோயாளிகளுக்கு இடம் கொடுத்தது என்பதை அவருடைய தனிப்பட்ட நல்ல மனம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது. அதன் பின்னால் மிகப் பழைய ஒரு விதி இருக்கிறது.

துறவிகளின் ஒழுக்க நெறிகளைத் தொகுத்த வினய நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. புத்தர் ஆனந்தரோடு விகாரையைச் சுற்றி வரும்போது வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடக்கும் ஒரு பிக்குவைப் பார்க்கிறார். யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்கிறார். தன்னால் மற்றவர்களுக்கு எந்தப் பயனும் இல்லாததால் யாரும் வருவதில்லை என்கிறார் அந்தப் பிக்கு. புத்தரே தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் அவரைக் கழுவுகிறார். இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பெரும்பாலான சொற்பொழிவுகள் இந்த இடத்தோடு நின்றுவிடும், கேட்பவர்களும் கண்கலங்குவார்கள். மூலநூல் அங்கே நிற்பதில்லை. புத்தர் சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் இல்லாத நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்ற பொருளில் பேசுகிறார். பிறகு விதிகளை வகுக்கிறார். ஆசிரியருக்கு நோய் வந்தால் மாணவர், மாணவருக்கு வந்தால் ஆசிரியர், இருவரும் இல்லாதவருக்குச் சங்கமே பொறுப்பு. நோயாளியைப் பார்ப்பவருக்கு ஐந்து தகுதிகள் சொல்லப்படுகின்றன: மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்திருக்க வேண்டும், ஆதாயத்துக்காக இல்லாமல் அன்பால் செய்ய வேண்டும், மலத்தையும் வாந்தியையும் அள்ள அருவருக்கக் கூடாது, நேரம் அறிந்து நல்வார்த்தை சொல்லித் தேற்ற வேண்டும். இந்தப் பட்டியலில் அன்பு ஒன்று, மீதி நான்கும் திறமையும் பழக்கமும். நோயாளிக்கும் தகுதிகள் உண்டு. வலியை உள்ளபடி சொல்ல வேண்டும், மருந்தை மறுக்கக் கூடாது. ஒருவருடைய ஒருநாள் கருணையை எல்லாருடைய அன்றாட வேலையாக்கிய இடம் இதுதான். புத்தர் அன்று மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருந்தால் நமக்கு ஒரு நல்ல கதை கிடைத்திருக்கும், அவ்வளவே. விதி கிடைத்ததால்தான் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வேறொரு கடற்கரையில், தாய் தந்தையரை விட்டு வந்த கூலிகள் நடுவே, ஒரு துறவிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இது சீனர் விவகாரம், நமக்கென்ன என்று கேட்கும் தமிழ் வாசகருக்கு நம் இலக்கியத்திலேயே பதில் இருக்கிறது. மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அதில் முதல் பிச்சை யார் இட்டது என்று கேட்டால் பலர் தயங்குவார்கள். ஒழுக்கத்தில் சிறந்த ஆதிரையின் கையால் முதல் உணவு விழுந்த பிறகே அந்தப் பாத்திரம் ஊரின் பசியைத் தீர்க்கத் தொடங்குகிறது. கொடையின் அற்புதத்துக்கு முன்னால் சீலத்தை நிறுத்திய, காப்பிய ஆசிரியர் சாத்தனாரின் கதையமைப்பு பௌத்தத்தை நன்கு அறிந்தவருடையது. அந்தப் பாத்திரத்தை முன்பு வைத்திருந்த ஆபுத்திரனின் கதை இன்னும் கூர்மையானது. நாட்டில் மழை பெய்து வளம் பெருகவே அவனிடம் உணவு கேட்க ஆளில்லாமல் போகிறது. சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. யாருமற்ற தீவில், தான் மட்டும் உண்ண மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமலே உயிர் துறக்கிறான். மறுபிறவியில் சாவகத்து அரசனாகிறான். நம் காப்பியம் அறத்தைத் தேடிக் கிழக்கே கடல் கடந்தது இந்தத் திசையில்தான். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர் நாடுகளையும் தாமிரபரணியையும் பெயர் சொல்லி, அங்கெல்லாம் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகக் கூறுகிறது. ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரைக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுத்ததை, லைடன் செப்பேடுகள் என்று அறியப்படுபவை பதிவு செய்துள்ளன. தென்கிழக்காசிய பௌத்தம் நம் கடற்கரைக்கு விருந்தாளியாக வந்த காலம் ஒன்று இருந்தது. சிராங்கூன் ரோட்டுத் தமிழரும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பௌத்தரும் அண்டை வீட்டார் ஆனது அந்தப் பழைய உறவின் தொடர்ச்சியே.

இனி இந்நகரத்துச் சான்றுகளுக்கு வருவோம். லியோங் சான் சீ கோயில் வளாகத்தில் 1954-இல் மீ தோ பள்ளி தொடங்கியது. பிற்பாடு அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளியாக வளர்ந்து இப்போது பொங்கோலில் நடக்கிறது. 1969-இல் தொடங்கிய சிங்கப்பூர் பௌத்த இலவச மருந்தகம், சீன மருத்துவத்தை இனமோ சமயமோ கேட்காமல் வழங்கியது. 1981-இல் யென் பெய் என்ற துறவி பௌத்த நலச் சேவை அமைப்பை நிறுவினார். சிறுநீரக நோயாளிகள், முதியோர், போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோர் என்று, கோயில் உண்டியலோடு அதுவரை யாரும் சேர்த்து எண்ணாத மனிதர்கள் அதன் பொறுப்பில் வந்தார்கள். வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் உள்ள குவான் இம் கோயிலும் அதே வழியில் காணிக்கையின் ஒரு பகுதியைச் சிறுநீரகச் சுத்திகரிப்பு போன்ற பொதுக் காரியங்களுக்குத் திருப்பியது. அதற்குப் பக்கத்தில்தான் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். அங்கே ஊதுபத்தி ஏந்தி நிற்கும் சீனர்களைப் பார்த்து இப்போது யாரும் வியப்பதில்லை. பழக்கங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. அன்று விசாக தினத்தன்று அரிசியும் பிஸ்கட் டின்னும் முதியோர் இல்லத்துக்குப் போகும். இன்று கைபேசியை ஒரு கியூஆர் குறியீட்டின்முன் காட்டினால் நன்கொடை போய்ச் சேர்கிறது. அன்று பிக்குவின் காலடியில் அமர்ந்து ஐந்து சீலங்களை ஏற்பார்கள். இன்று அதே சீலங்களை ஏற்ற இளையர்கள் வார இறுதியில் தாதிமை இல்லத்தில் சக்கர நாற்காலி தள்ளும் தொண்டூழியர்களாக இருக்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 31.1 விழுக்காட்டினர் தங்களைப் பௌத்தர் என்றார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் அது 33.3. விழுக்காடு குறையும் காலத்திலும் இந்த நிலையங்கள் நடப்பதற்குக் காரணம், அவை பக்தரின் உற்சாகத்தை நம்பி நடக்காமல் நேர அட்டவணை, கணக்கு, பயிற்சி, பொறுப்புப் பட்டியல் என்று நடப்பதுதான்.

இங்கே முதல் மறுப்பு எழும். பௌத்தர் செய்யும் தொண்டு புண்ணியம் சேர்க்கும் வியாபாரந்தானே, அடுத்த பிறவிக்கான சேமிப்புக் கணக்குதானே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு மிகக் கெட்ட உதாரணமும் இந்நகரத்திலேயே இருக்கிறது. விசாக தினத்தையொட்டி, உயிரைக் காப்பாற்றினால் புண்ணியம் என்று நம்பிக் கடைகளில் ஆமைகளையும் தவளைகளையும் குருவிகளையும் மீன்களையும் வாங்கி நீர்த்தேக்கங்களிலும் பூங்காக்களிலும் விடும் வழக்கம் பல காலமாக இருந்தது. கூண்டிலே வளர்ந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது. பண்ணையில் வளர்ந்த தவளை சில நாள்களில் செத்துப்போகும். பிழைத்துக்கொள்ளும் சிவப்புக் காது ஆமையோ உள்ளூர் உயிரினங்களின் இடத்தையும் உணவையும் பறித்துக்கொள்ளும். வாங்குவதற்கு ஆள் இருப்பதால் பிடித்து விற்பவர்களும் பெருகுவார்கள். கொல்லாமை என்ற முதல் சீலத்தின் பெயரால் கொலை நடப்பது இப்படித்தான். தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் விசாக தினங்களில் தொண்டூழியர்களை நிறுத்தி மக்களிடம் பேசுகின்றன; பௌத்த அமைப்புகளே இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத் தொடங்கின; மீறினால் அபராதம் உண்டு. வினயம் சொன்ன இரண்டாவது தகுதியை நினைத்துப் பார்த்தால் பிழை எங்கே என்று புரியும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறியாதவர் நோயாளியிடம் போகக் கூடாது. ஆகவே புண்ணிய ஆசை இருக்கிறது என்பது உண்மை, அது தொண்டைக் கெடுக்கும் என்பதும் உண்மை. அதற்கு மருந்தாகப் பௌத்தம் வைத்திருப்பது இன்னும் அதிக இரக்கத்தை அன்று. எதிரே இருக்கும் உயிருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று அறிந்துகொள்ளும் கடமையை. நோக்கம் தூய்மையாகும்வரை காத்திருந்தால் எந்தப் பசியும் தீராது. விளைவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளப் பழகினால் நோக்கமும் நாளடைவில் தெளியும்.

இரண்டாவது மறுப்பு இதற்கு நேர் எதிரானது. விதியும் கணக்கும் தணிக்கையும் வந்தால் கருணை செத்துவிடும், துறவியை எழுத்தராக்கிவிடுவீர்கள் என்பது அது. ரென் சி மருத்துவமனையின் கதை இதற்கு விடை தரும். நீண்டகால நோயாளிகளுக்காக 1994-இல் மிங் யீ என்ற துறவியின் முயற்சியில் உருவானது அது. அவர் தொலைக்காட்சி நிதிதிரட்டு நிகழ்ச்சிகளில் உயிரைப் பணயம் வைக்கும் சாகசங்கள் செய்தார். காவியுடையில் ஒருவர் உயரத்தில் நடப்பதைப் பார்த்து மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அவருடைய மனத்தில் நோயாளிகள்மேல் அன்பு இல்லை என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் மருத்துவமனைப் பணத்திலிருந்து 50,000 வெள்ளியை அனுமதியின்றிக் கடனாகக் கொடுத்து, அதுபற்றி அறநிறுவன ஆணையரிடம் பொய்த் தகவல் அளித்த குற்றங்களுக்காக 2009-இல் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பத்து மாதத் தண்டனையை மேல்முறையீடு ஆறு மாதமாகக் குறைத்தது. அதற்கு முன்பே, 2005-இல், சமயச் சார்பற்ற தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தில் நன்கொடைப் பணம் செலவான விதம் வெளிவந்து நாடே கொதித்திருந்தது. அறநிறுவனங்களுக்கான விதிகள் 2007-இல் இறுக்கப்பட்டன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், திருட்டும் பொய்யும் தவிர்த்தல் என்ற சீலங்கள் வழிபாட்டறையில் சொல்லும் வாசகங்களாக நின்றுவிடக் கூடாது, கணக்குப் புத்தகத்திலும் இருக்க வேண்டும் என்பது தெளிவாகும். முக்கியமான விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. நிறுவனர் விழுந்தபின் ரென் சி விழவில்லை. புதிய நிர்வாகமும் கடுமையான ஒழுங்கும் அதைத் தாங்கிப் பிடித்தன. சமூக மருத்துவமனையாகவும் தாதிமை இல்லங்களாகவும் அது இன்றும் எல்லா இன நோயாளிகளையும் பார்க்கிறது. அங்கே படுத்திருக்கும் ஒரு மூதாட்டிக்கு வேளை தவறாமல் உணவு வருவதற்கு எந்தத் துறவியின் சாகசமும் தேவையில்லை. கருணையைக் கொல்வதாக நாம் அஞ்சிய விதிகள்தான் கருணையாளர் தவறிய பிறகும் அவள் தட்டில் சோறு விழவைத்தன.

மூன்றாவது மறுப்பு தமிழனுக்கே உரியது, வலியோடு வருவது. ஈழத்தமிழர் ஒருவர் இதைப் படித்தால், எந்தப் பௌத்தத்தின் அறத்தைப் பற்றி எழுதுகிறாய் என்று கேட்பார். 1956-இன் தனிச் சிங்களச் சட்டம், 1981-இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம், 1983 ஜூலை வன்முறை, இலங்கை அரசமைப்பின் ஒன்பதாவது பிரிவு பௌத்தத்துக்குக் கொடுக்கும் முதன்மை இடம், போரின் முடிவு எல்லாம் அவர் நினைவில் வரிசையாக நிற்கும். சிங்கப்பூரில் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலைச் சுற்றி வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு இவை செய்தித்தாள் விஷயங்களாக இருந்ததில்லை, சொந்தக்காரர்களின் சாவாக வந்தவை. அது உண்மையான பௌத்தமே இல்லை என்று சொல்லித் தப்பிப்பது எளிது; அதை நான் சொல்லப் போவதில்லை. காவியுடுத்தவர்கள் அதில் பங்கேற்றார்கள்; 1959-இல் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்டவரே ஒரு பிக்கு. ஆனால் இந்த வரலாறு என் வாதத்தை வலுப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். சீலம் என்பது நான் என்மேல் விதித்துக்கொள்வது. அதைப் பிறர்மேல் அதிகாரம் செலுத்தும் உரிமையாக மாற்றிக்கொண்ட நாளில் அது கொடியாகிவிடுகிறது. அரசு காக்கும் மதத்துக்கு அண்டை வீட்டாரின் நம்பிக்கையைச் சம்பாதிக்கும் தேவை போய்விடுகிறது. அதே இலங்கையிலிருந்து வந்த பிக்குகள் சிங்கப்பூரில் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். 1952-இல் செயின்ட் மைக்கேல்ஸ் ரோட்டில் சிங்களச் சமூகம் ஸ்ரீ லங்காராமயத்தைக் கட்டியது. மஹாவீர தேரர் ஒரு சீனக் குடும்பத்தின் உதவியோடு ஜாலான் யூனோஸில் மங்கள விகாரையை அமைத்தார். அங்கே அறவுரை கேட்க வந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசும் சீனர்கள். இங்கே எந்த மதத்துக்கும் அரசின் அரியணை கிடையாது. 1949-இலேயே சமயங்களுக்கிடையிலான அமைப்பு உருவாகிப் பல சமயத் தலைவர்கள் ஒரே மேசையில் உட்காரப் பழகினார்கள். 1990-இல் சமய நல்லிணக்கச் சட்டம் வந்தது. இந்த ஏற்பாட்டில் அரசின் கண்டிப்பும் உண்டு, அது பேச்சுரிமையைச் சுருக்குகிறது என்ற குறையும் உண்டு. எனினும் அரச அதிகாரமின்றி, அண்டை வீட்டாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு வாழும்போது பௌத்தம் மருந்தகங்களைக் கட்டியது என்ற உண்மை நிற்கிறது. கட்டுப்பாடு தன்மேல் இருக்கிறதா, பிறர்மேல் இருக்கிறதா என்பதே வித்தியாசம்.

நான்காவதாக, தொண்டு என்பதே மேலிருப்பவர் கீழிருப்பவருக்குப் போடும் பிச்சை, அது பெறுபவரைச் சிறுமைப்படுத்தும் என்ற எண்ணம் உண்டு. தமிழ்ச் சீர்திருத்த மரபு இதை நன்றாக அறிந்திருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது தேடியது தானம் பெறும் இடத்தை அன்று, தன் மக்களுக்கு ஒரு வரலாற்றையும் மதிப்பையும். 1907-இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழும் கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் எழுந்த கிளைகளும் உழைக்கும் மக்கள் தங்கள் காசில் தாங்களே நடத்தியவை. 1954-இன் இறுதியில் ரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்குச் சென்ற பெரியார் அங்கே அம்பேத்கரைச் சந்தித்துவிட்டு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். ‘தமிழ் முரசு’ இதழை 1935-இல் தொடங்கிய கோ. சாரங்கபாணியின் சீர்திருத்த வட்டம் அவர் கருத்துகளுக்கு முன்பே இங்கே மண் பதப்படுத்தி வைத்திருந்தது. அந்த வட்டத்தில் பெரும்பாலோர் பௌத்தராகவில்லை. ஆனால் பிறப்பால் யாரும் தாழ்வில்லை என்ற புத்தரின் நிலையைப் பகுத்தறிவின் துணையாக எடுத்துக்கொண்டார்கள். வினயத்தின் விதியில் இந்தச் சமத்துவம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே ஆசிரியர் மாணவரைக் கழுவ வேண்டும், மாணவர் ஆசிரியரைக் கழுவ வேண்டும். இன்று பார்ப்பவர் நாளை படுப்பவர். நோயாளிக்கும் கடமைகளைச் சொன்னதன் மூலம் அவரை வெறும் கை ஏந்துபவராக விடாமல் இந்த ஏற்பாட்டில் பங்காளியாக்குகிறது அந்த விதி. பெறுபவரிடம் ஒன்றும் எதிர்பாராத தொண்டு பார்க்க உயர்வாகத் தோன்றும். அவரை ஒரு பொருட்டாக மதிக்காததும் பல நேரங்களில் அதுவே.

இந்த அளவுகோலை இன்றைய லிட்டில் இந்தியாவில் வைத்துப் பார்க்கலாம். 1917-இல் உறவில்லாமல் வந்த கூலிகளின் இடத்தில் இன்று தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த வெளிநாட்டு ஊழியர்கள் இருக்கிறார்கள். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி இரவு, தமிழக ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டதும் இதே ரேஸ் கோர்ஸ் ரோட்டில்தான். 2020-இல் கொவிட் தொற்றுக் காலத்தில் ஊழியர் தங்கும் விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தபோது, எல்லாச் சமயத்தாரும் உணவுப் பொட்டலங்களோடு ஓடினார்கள். அந்த வேகத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வேகம் அடங்கிய பிறகும் நடப்பது எது என்று பார்த்தால், டிடபிள்யூசி2 என்ற அமைப்பு 2008-இல் தொடங்கிய கஃப் ரோடு உணவுத் திட்டம் போன்றவைதான். வேலையில் அடிபட்டோ சம்பளப் பாக்கிக்காக வழக்கு நடத்தியோ வருமானமின்றி நிற்கும் ஊழியருக்கு அது உணவு தருகிறது. அதோடு அவர் யார், என்ன காயம், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேட்டறிந்து வழிகாட்டுகிறது. அது பௌத்த அமைப்பு அன்று, எந்த மதத்தையும் சேர்ந்ததன்று. அப்படியிருந்தும் வினயத்தின் ஐந்து தகுதிகளில் பெரும்பாலானவற்றை அங்கே காணலாம்: எது தேவை என்று அறிகிறது, ஆதாயம் தேடுவதில்லை, முகஞ்சுளிப்பதில்லை, பேசித் தேற்றுகிறது. அப்படியானால் பௌத்தம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பதில் எளியது. அறத்துக்கு ஒரே சொந்தக்காரர் யாரும் இல்லை. பௌத்தம் தந்தது மிகப் பழைய, மிகத் தெளிவான ஒரு சோதனை முறை. அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஆகவே தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் அன்னதானமும் ரத்ததானமும் உதவித்தொகையும் வழங்கும் இந்நாளில், பௌத்த அண்டை வீட்டாரிடமிருந்து நாம் கற்கக் கூடியது வழிபாட்டு முறையோ உணவுப் பழக்கமோ இல்லை. ஒவ்வொரு நற்காரியத்தையும் அந்தப் பழைய பட்டியலின்முன் நிறுத்திக் கேட்கும் வழக்கத்தைக் கற்கலாம். இதைச் செய்யத் தேவையான திறமை நம்மிடம் இருக்கிறதா? பெறுபவருக்கு இது உண்மையில் ஒத்துக்கொள்ளுமா, நமக்குத்தான் ஒத்துக்கொள்கிறதா? படம் எடுக்க ஆள் வராவிட்டாலும் நடக்குமா? அழுக்கான பகுதி யார் தலையில் விழுகிறது? வாங்குபவரோடு ஒரு வார்த்தை பேசுகிறோமா? தொடங்கியவர் போன பிறகும் நிற்குமா, கணக்கை யார் கேட்டாலும் காட்ட முடியுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாத விழாக்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன, பதில் சொல்லக் கூடிய சிறு முயற்சிகளும் சத்தமில்லாமல் இருக்கின்றன. பின்னவற்றைத் தேடிப் பிடித்து அவற்றுக்குப் பணமும் நேரமும் கொடுப்பதே இன்று செய்ய வேண்டியது. லியோங் சான் சீயின் குடிலை ஊர் மறந்ததைப் போல அவற்றையும் மறந்தால், நம் பிள்ளைகளுக்கு அறம் என்றால் மேடை என்றுதான் தெரியும்.